'எவ்வளவு தரும்?' – கார் வாங்குகிறவர்கள் கேட்கும் தப்பான கேள்வி

புனேயில் நம் தமிழ்க் குடும்பங்கள் கார் வாங்கக் கிளம்பினால் மூன்றே மூன்று கேள்விதான் கேட்கிறார்கள். "லிட்டருக்கு எவ்வளவு தரும்?" "மாசம் எவ்வளவு கட்டணும்?" "ஊருக்கு எடுத்துட்டுப் போகலாமா?" மூன்றுமே தப்பான கேள்விகள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "நான் வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறேன்?" அதை மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

நான் பி.காம் படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன். ஊர் ஊராக மாற்றல் வாங்கி இப்போது மஹாராஷ்டிராவில் குப்பை கொட்டுகிறேன். இஞ்சினைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது, டார்க், குதிரைத் திறன் என்று யாராவது ஆரம்பித்தால் கொட்டாவி வரும். ஆனால் கார் கடன் விண்ணப்பங்களைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த வீட்டில் கார் வந்த பிறகு நிம்மதி வந்தது, எந்த வீட்டில் கார் வந்த பிறகு மகள் பெயரில் போட்ட டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதல் பொய்: மைலேஜ்

"கித்னா தேதி ஹை?" என்று மாருதிக்காரர்கள் விளம்பரமே போட்டார்கள். ராக்கெட்டைப் பார்த்தாலும் நம்மாள் அதைத்தான் கேட்பான் என்கிற கிண்டல். நாமும் சிரித்தோம். சிரித்துவிட்டு ஷோரூமுக்குப் போய் அதையேதான் கேட்டோம்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் சோதனைச்சாலையில் உருளைகள் மேல் காரை ஓடவிட்டு எடுத்த கணக்கு. ஹிஞ்சவாடி சிக்னலில் எடுத்தது இல்லை. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அது உதவும், அவ்வளவுதான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள். E10-க்காக வடிவமைத்து E20-க்கு ஏற்பச் சரிசெய்த வண்டியில் 1 முதல் 2 சதவீதமும், மற்ற வண்டிகளில் 3 முதல் 6 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று 2025-இல் பெட்ரோலிய அமைச்சகமே ஒப்புக்கொண்டது. ஆக, பேப்பரில் உள்ள எண்ணை நம்பி வீட்டு பட்ஜெட் போடாதீர்கள்.

அதை விடுங்கள். மைலேஜ் வித்தியாசத்தால் உண்மையில் எவ்வளவுதான் மிச்சம்? நகரத்துக்குள் ஆபீஸ், பள்ளிக்கூடம், கோயில், வார இறுதியில் ஒரு சுற்று என்று ஓட்டும் குடும்பத்துக்கு வருஷம் 8,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் விலை கணக்குக்கு 105 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு வருஷம் 56,000 ரூபாய் பெட்ரோல். 18 தரும் காருக்கு ஏறக்குறைய 46,700. வித்தியாசம் மாசத்துக்கு 780 ரூபாய் கூட இல்லை.

இந்த 780 ரூபாயை மிச்சம் பிடிக்க நம்மாள் என்ன செய்கிறார்? ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்து டீசல் வாங்குகிறார். இல்லையென்றால் இரண்டு லட்சம் கூடுதலான 'ஹைப்ரிட்' வகையறாவைப் பார்க்கிறார். கால் ரூபாய் கொத்தமல்லிக்குப் பேரம் பேசிவிட்டு, கடைக்காரனிடமே பர்ஸை வைத்துவிட்டு வந்த கதைதான்.

உண்மையான செலவு எங்கே இருக்கிறது

காருக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது ஐ.டி.வி. என்று ஒரு எண் போடுவார்கள். காரின் இன்றைய மதிப்பு. அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஆறு மாசத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அதாவது 10 லட்ச ரூபாய் கார் ஐந்து வருஷத்தில் 5 லட்சத்தை விழுங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு லட்சம். 8,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை ரூபாய்.

பெட்ரோல் செலவு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் என்று மேலே பார்த்தோம். தேய்மானம் 12.50. கண்ணுக்குத் தெரியும் 7 ரூபாய்க்காகத் தூக்கத்தைத் தொலைக்கிறோம், கண்ணுக்குத் தெரியாத 12.50-ஐப் பற்றி வாயே திறப்பதில்லை. பங்கில் பணம் கையை விட்டுப் போவது தெரிகிறது. தேய்மானம் பார்க்கிங்கில் நிற்கும்போதே சத்தமில்லாமல் போகிறது. காமர்ஸ் படித்த பிள்ளைகளுக்கு முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. பரீட்சையில் மட்டும் எழுதிவிட்டு மறந்துவிட்டோம்.

சரி, முழுக் கணக்கையும் போட்டுவிடுவோம். இரண்டு கார். ஒன்று 7 லட்ச ரூபாய்ச் சின்னக் கார். இன்னொன்று 13 லட்ச ரூபாய் 'நாலு பேர் பார்க்கிற மாதிரி' கார். ஐந்து வருஷம், மொத்தம் 40,000 கிலோமீட்டர். இரண்டுக்கும் 80 சதவீதம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருஷத் தவணை. சாலை வரி மஹாராஷ்டிராவில் பெட்ரோல் காருக்கு 10 லட்சத்துக்குள் 11 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 12. இன்ஷூரன்ஸும் சர்வீஸும் என் உத்தேசம், உங்கள் வண்டிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

சின்னக் கார்:
தேய்மானம் – 3,50,000
சாலை வரி – 77,000
வட்டி – 1,37,500
இன்ஷூரன்ஸ் – 1,00,000
சர்வீஸ், டயர், பேட்டரி – 60,000
பெட்ரோல் (லிட்டருக்கு 17) – 2,47,000
மொத்தம் – 9,71,500

பெரிய கார்:
தேய்மானம் – 6,50,000
சாலை வரி – 1,56,000
வட்டி – 2,55,000
இன்ஷூரன்ஸ் – 1,75,000
சர்வீஸ், டயர், பேட்டரி – 90,000
பெட்ரோல் (லிட்டருக்கு 13) – 3,23,000
மொத்தம் – 16,49,000

ஐந்து வருஷத்தில் வித்தியாசம் 6,77,500 ரூபாய். இதில் பெட்ரோலால் வந்த வித்தியாசம் வெறும் 76,000. மீதி ஆறு லட்சமும் கார் என்ன தரும் என்பதால் வந்ததில்லை, நீங்கள் எந்தக் காரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதால் வந்தது. சின்னக் காருக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய் ஆகிறது, பெரிய காருக்கு 41. 24 ரூபாய் என்றாலே கிட்டத்தட்ட வாடகைக் கார் விலைதான், அதுவும் ஓட்டுநர் சம்பளம் சேர்த்து! 41 ரூபாய்க்கு நீங்களே ஓட்டி, நீங்களே பார்க்கிங் தேடி, நீங்களே டிராபிக் போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

டீசல், சி.என்.ஜி., மின்சாரம்

"அப்ப எதுதான் வாங்கறது?" என்பீர்கள். கிலோமீட்டரைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

டீசல் 91 ரூபாய், லிட்டருக்கு 20 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 4.55. பெட்ரோலைவிட 2.45 மிச்சம். கூடுதலாகக் கொடுத்த ஒன்றரை லட்சம் திரும்பி வர 61,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். வருஷம் 25,000 ஓட்டுகிற மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிக்கு இரண்டரை வருஷத்தில் வந்துவிடும், அவர் தாராளமாக வாங்கட்டும். 8,000 ஓட்டுகிறவருக்கு ஏழரை வருஷம் ஆகும். ஏழரை என்றதும் சனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. தவிர 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அவ்வப்போது நெடுஞ்சாலையில் சூடாக ஓடினால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். பள்ளிக்கூடத்துக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். ரிப்பேர் பில் வரும்போது மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் வட்டியோடு போகும்.

தில்லிப் பக்கம் இருக்கும் நண்பர்களுக்குத் தனிக் கவலை. 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜூலையில் பங்கில் எரிபொருளே தரக் கூடாது என்று கிளம்பி, சில நாளில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4-ம் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டும்தான் என்று திருத்தியது. இப்படி விதி நாளுக்கொன்றாக மாறும் ஊரில், பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று டீசல் வாங்குவது சூதாட்டம்.

சி.என்.ஜி. நகரத்துக்கு நல்லது. கிலோ 90 ரூபாய், 25 கிலோமீட்டர் என்றால் 3.60. கூடுதல் விலை 95,000 என்றால் 28,000 கிலோமீட்டரில், அதாவது மூன்றரை வருஷத்தில் திரும்பிவிடும். ஆனால் டிக்கி போச்சு. ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டைக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் மடியில்தான் இடம். ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னச் சிலிண்டரைத் தரையோடு வைத்து, டிக்கியைக் கொஞ்சம் மீட்டுக் கொடுக்கும் வண்டிகளும் 2023-லிருந்து வருகின்றன. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை கட்டாயம், பங்கில் வரிசை வேறு. இதெல்லாம் உங்கள் வீட்டுக்குச் சரிப்படும் என்றால் வாங்குங்கள்.

மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள்தான் ஆகும். ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம்தான். ஆனால் பெட்ரோல் காரைவிட 3 லட்சம் கூடுதல் என்றால், 8,000 ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் திரும்ப ஏழரை வருஷம். தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மூன்றே கால் வருஷம்! அவருக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை, சொசைட்டி சார்ஜர் போட அனுமதித்தால். அதை எழுத்தில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். வாடகை வீட்டில் இருக்கிற நம்மவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பதினோரு மாச ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு சுவரில் சார்ஜர் அடிக்க முடியாது.

இரண்டாவது பொய்: மாசத் தவணை

ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் பையன் கெட்டிக்காரன். உங்களிடம் விலையைச் சொல்லவே மாட்டான். "சார், மந்த்லி பன்னெண்டாயிரத்து சொச்சம்தான்" என்பான்.

8 லட்சம் கடன், 9 சதவீதம். மூன்று வருஷம் என்றால் மாசம் 25,440, மொத்த வட்டி 1,15,800. ஐந்து வருஷம் என்றால் 16,600, வட்டி 1,96,400. ஏழு வருஷம் என்றால் 12,870, வட்டி 2,81,000. தவணை பாதியானது, வட்டி இரண்டரை மடங்கு ஆனது. இதில் கொடுமை என்னவென்றால், ஏழு வருஷக் கடனில் நான்கு வருஷம் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகும் 4 லட்சத்துச் சொச்சம் பாக்கி இருக்கும். கட்டியது ஆறு லட்சத்துக்கு மேல், அசலில் குறைந்தது நான்கு லட்சம் கூட இல்லை. அந்தச் சமயத்தில் மாற்றலோ வேலை இழப்போ வந்து காரை விற்கப் போனால், விற்ற காசில் பெரும்பகுதி வங்கிக்கே போகும்.

என் விதி எளிது. ஐந்து வருஷத்தில் அடைக்க முடியாத கார் உங்களுடைய கார் இல்லை. கால்வாசிப் பணமாவது கையிலிருந்து போட முடியவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் காத்திருங்கள். ஒரு வருஷம் ஆட்டோவில் போனதால் யாரும் செத்துப் போகவில்லை.

பழைய கார் வாங்குகிறவர்கள் 'ஃபிளாட் ரேட்' என்ற சொல்லைக் கேட்டால் உஷாராகுங்கள். ஐந்து வருஷத்துக்கு 5 சதவீத ஃபிளாட் என்பது, நாம் வழக்கமாகப் பேசும் குறையும் இருப்புக் கணக்கில் 9 சதவீதத்தைத் தாண்டிவிடும். கடனைச் சீக்கிரம் அடைத்தால் அபராதம் உண்டா என்றும் கேளுங்கள். தனிநபர்களுக்கான மாறும் வட்டிக் கடனில் வங்கிகள் அதை வசூலிக்க முடியாது. கார் கடன்கள் பல நிலையான வட்டியில் இருக்கும், அங்கே அபராதம் இருக்கலாம். கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி. புக்கிலிருந்து வங்கியின் பெயரை நீக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, விற்கும்போது ஓடி வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

மூன்றாவது பொய்: ஊருக்குப் போக கார் வேணும்

இதில் கைவைத்தால் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போகணும், அதான் பெரிய வண்டி." "அப்பா அம்மா வந்தா எல்லாரும் ஒண்ணா உக்காரணும், அதான் ஏழு சீட்டு." வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரிய கார் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லும் காரணம் இதுதான். அதாவது, வருஷத்தில் 340 நாள் ஓட்டப் போகிற காரை, மீதி 25 நாளை வைத்து முடிவு செய்கிறோம். தீபாவளிக்கு விருந்தாளி வருவார்கள் என்று வருஷம் முழுக்கக் கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்போமா?

கணக்குக்கு வருவோம். புனேயிலிருந்து திருநெல்வேலி, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை வழியாக ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். போக வர 2,800. பெரிய கார் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 தந்தாலும் 18,000 ரூபாய்க்கு மேல் பெட்ரோல். டோல், சாப்பாடு, வழியில் ஒரு ராத்திரி லாட்ஜ் தனி. மும்பையிலிருந்து புனே வழியாக நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் போகிறது. முன்கூட்டியே பதிவு செய்தால் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகலாம்.

மேலே பார்த்த 6,77,500 வித்தியாசத்தை வருஷத்துக்குப் பிரித்தால் 1,35,500. நான்கு பேர் வருஷத்துக்கு இரண்டு தடவை மூன்றாம் ஏசியில் போய் வர 16 டிக்கெட், ஒன்று 2,000 என்று தாராளமாக வைத்தாலும் 32,000. ஊரில் இறங்கியதும் ஓட்டுநரோடு வாடகைக் கார், நாளுக்கு 3,000, தடவைக்குப் பத்து நாள், இரண்டு தடவைக்கு 60,000. இந்தக் காரில் கொடைக்கும் போகலாம், குலதெய்வத்துக்கும் போகலாம், மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகலாம். எல்லாம் போக இன்னும் 43,500 மிச்சம். அதை அப்பா அம்மாவின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கட்டுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. ஏழு சீட்டுக் காரில் அவர்களுக்கு இடம் இருக்கிறது, மருத்துவமனையில் அட்மிட் செய்யும்போது கையில் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, யாரும் பேச விரும்பாதது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, பெண்டாட்டி பிள்ளைகளைத் தூங்கவைத்துக்கொண்டு 'நான் ஒரே மூச்சில் ஓட்டிட்டேன்' என்று பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஓட்டுநரைப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டவிடுகிற பஸ் கம்பெனியைத் திட்டுகிறோம். நாம் பதினெட்டு மணி நேரம் ஓட்டினால் அது வீரமாம்.

உண்மையைச் சொல்லட்டுமா? பெரிய கார் ஊருக்குப் போவதற்கு இல்லை, ஊரில் நிற்பதற்கு. தெருவில் எம்.எச். நம்பர் போட்ட பளபளப்பான வண்டி நின்றால், 'அவன் பூனால நல்லா இருக்கான்' என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக மாசம் 11,300 ரூபாய், அறுபது மாசம் கட்டுகிறோம். சொன்ன அந்த நாலு பேரும் மறுநாள் மறந்துவிடுவார்கள். தவணை மறக்காது, ஐந்தாம் தேதி வந்து நிற்கும்.

"எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா வாழ முடியுமா?"

இந்த வசனம் எனக்குப் பழக்கம். கணக்குப் பார்ப்பவன் கஞ்சன், பார்க்காதவன் ரசிகன். நான் கார் வாங்காதே என்று சொல்லவில்லை. மழையில் பிள்ளையைக் கூட்டி வரவும், ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடவும் வீட்டில் ஒரு கார் இருப்பது நல்லதுதான். மொழி தெரியாத ஊரில் அது பெரிய தைரியம். அந்தத் தைரியத்தை 7 லட்ச ரூபாய்க் காரும் தரும் என்கிறேன். இன்னும் சொன்னால் சின்னக் கார்தான் தரும். பல வீடுகளில் பெரிய காரைக் கணவர் மட்டும்தான் ஓட்டுகிறார், மனைவி தயங்குகிறார். அவர் டூருக்குப் போனால் கார் பார்க்கிங்கில் தூங்கும், வீட்டுக்காரம்மா ஆட்டோவில் போவார். இரண்டு பேரும் சந்து பொந்தில் பயமில்லாமல் ஓட்டக்கூடிய காரே குடும்பக் கார். மற்றதெல்லாம் ஐயாவின் கார், செலவு மட்டும் குடும்பத்தோடது.

ஒன்றே ஒன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்: பாதுகாப்பு. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் மோதல் சோதனை நடக்கிறது, மதிப்பெண்ணைப் பார்த்து வாங்குங்கள். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை ஏர்பேக் கூடுதலாக உள்ள மாடலுக்குக் கொடுங்கள். சன்ரூஃபைத் திறந்து பிள்ளையை நிற்கவைத்து ஓட்டுகிறவர்களுக்கு நான் கடன் கையெழுத்தே போட மாட்டேன் (அந்த அதிகாரம் எனக்கு இல்லை என்பது வேறு விஷயம் :-)).

கடைசியாகச் சில காரியங்கள்

1. ஒரு மாசம் எல்லாப் பயணத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆட்டோ, ஸ்கூட்டர், வாடகைக் கார் எல்லாம். பன்னிரண்டால் பெருக்குங்கள். வருஷம் 5,000-க்குக் கீழே வந்தால் புதுக் கார் வேண்டாம், நல்ல பழைய கார் போதும். நாலு வருஷ வண்டியில் 40 சதவீதத் தேய்மானத்தை முதல் ஆசாமி ஏற்கெனவே கட்டிவிட்டார். சர்வீஸ் சரித்திரம், இன்ஷூரன்ஸ் கிளெய்ம், கடன் பாக்கி மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

2. 2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நாலு மீட்டருக்குள், பெட்ரோல் 1,200 சி.சி.க்குள், டீசல் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 40. அரசாங்கமே ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது. குறைந்த வரியைச் சாக்கு வைத்து ஒரு படி மேலே உள்ள மாடலுக்குத் தாவாதீர்கள்.

3. இன்ஷூரன்ஸை ஷோரூம்காரர் கொடுப்பதோடு வெளியேயும் விலை கேளுங்கள். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருஷத்துக்குக் கட்டாயம். அதை எங்கே எடுப்பது என்பது உங்கள் உரிமை. பழைய காரில் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த போனஸ் 50 சதவீதம் வரை புதுக் காருக்கு மாறும். கேட்டால்தான் கிடைக்கும்.

4. மாற்றல் உத்தியோகமா? பி.எச். நம்பருக்குத் தகுதி இருக்கிறதா பாருங்கள். 2021 செப்டம்பரில் வந்தது. அரசு, பொதுத்துறை ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். சாலை வரி இரண்டிரண்டு வருஷமாகக் கட்டலாம். சாதாரண நம்பர் என்றால், வேறு மாநிலத்தில் 12 மாசத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு, அங்கே வரி, இங்கே வரியைத் திரும்பக் கேட்டு நடை. அந்த நடையில் செருப்பு தேய்ந்த சக ஊழியர்களை எனக்குத் தெரியும்.

5. வாங்கிய காரைப் பத்து வருஷம் வைத்திருங்கள். தவணை முடிந்த பிறகு வரும் ஐந்து வருஷம்தான் காரில் உண்மையான லாபம். தவணை முடிந்த மறுமாசமே "வண்டி பழசாயிடுச்சு" என்று புதுசு பார்க்கக் கிளம்புகிறவர், ஆயுள் முழுக்கத் தவணை கட்டிக்கொண்டே இருப்பார். நாங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்போம், காலண்டர் கொடுப்போம், 'மதிப்புமிக்க வாடிக்கையாளர்' என்போம். எங்கள் கிளைக்கு இலக்கு என்று ஒன்று இருக்கிறது, அதை நிரப்புவது அவர்தான்.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோம். சம்பாதிப்பது வீட்டுக்கு அனுப்ப, பிள்ளைகளைப் படிக்கவைக்க, வயசான காலத்தில் கை நீட்டாமல் இருக்க. அதில் ஏழு லட்சத்தை ஐந்து வருஷத்தில் ஒரு இரும்புப் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன்னால், நோட்டையும் பேனாவையும் எடுங்கள். ஷோரூமுக்குப் பிறகு போகலாம்.

பி.கு: கணக்கில் உள்ள விலைகள் புனேக்கு நெருக்கமாக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். எண் மாறும், முடிவு மாறாது. மாறினால் சொல்லுங்கள், தோற்ற செலவுக்கு ஒரு ஃபில்டர் காபி என் கணக்கில்.